வெண்டைக்காயை ஒடிக்கலாம்... சைக்கிளை ஓட்டக் கூடாதா?

லட்சங்களில் விலை, ஐந்து நிமிடச் சோதனை: மலைச் சைக்கிள் வாங்குகிறவர்களின் பாடு

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. சென்னையில் பெரிய சைக்கிள் கடை ஒன்று. ஏ.சி. ஓடுகிறது, மூலையில் காபி மெஷின், சுவர் முழுக்கப் பனிமலைப் படம். நடுவில் தனி மேடையில் ஒரு மலைச் சைக்கிள். ஹேண்டில்பாரில் தொங்கிய அட்டையில் விலை எழுதியிருந்தது: 3,80,000 ரூபாய்.

என் நண்பன் அதை மூன்று முறை சுற்றி வந்தான். இதற்கென்றே மூன்று வருஷம் சீட்டுக் கட்டியவன். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டான். "ஓட்டிப் பார்க்கலாமா?"

கடை ஊழியரும் தயங்கினார். "பெடல் கொண்டு வந்திருக்கீங்களா சார்?"

குனிந்து பார்த்தோம். வண்டியில் பெடலே இல்லை. விலை உயர்ந்த மலைச் சைக்கிள்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருமாம். ஓட்டுகிறவர் தன் ஷூவுக்கு ஏற்ற பெடலைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். ஊழியர் உள்ளே போய் ஒரு டப்பாவைத் துழாவி, பழைய பிளாஸ்டிக் பெடல் ஜோடி ஒன்றை எடுத்து வந்து முடுக்கினார். நண்பனின் டிரைவிங் லைசென்ஸை வாங்கி மேஜை டிராயரில் வைத்தார். வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழ்த்தளப் பார்க்கிங்குக்குக் கொண்டுபோனோம். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "டயர்ல மண்ணு படாம பாத்துக்கோங்க சார்."

மலைச் சைக்கிள். மண் படக் கூடாது!

ஒரு தூணுக்கும் நின்றிருந்த காருக்கும் நடுவே நண்பன் நான்கு வட்டம் அடித்தான். வேகத்தடை மேல் ஒருமுறை ஏற்றி இறக்கினான். செக்யூரிட்டி விசில் ஊதினார். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"எப்படிடா இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. என்ன நல்லா இருக்குன்னுதான் சொல்லத் தெரியல."

அன்று சாயங்காலம் அதே ஆள் தெருமுனைக் காய்கறிக் கடையில் கால் கிலோ வெண்டைக்காய்க்கு ஒவ்வொன்றாக நுனி ஒடித்துக்கொண்டிருந்தான்.

மண்சட்டியைத் தட்டி ஓசை கேட்காமல் நம் ஊரில் யாரும் வாங்குவதில்லை. தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டுகிறோம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள், நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள், உழவு மாடு என்றால் ஏர் பூட்டியும் பார்க்கிறார்கள். நான்கு லட்சத்தைத் தொடும் ஒரு சைக்கிளை மட்டும் அது ஓட வேண்டிய இடத்தில் ஓட்டிப் பார்க்காமலே வாங்க வேண்டியிருக்கிறது. ஏன்?

புல்லட்டே வாங்கிடலாமே!

விலையைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் சொல்லும் வார்த்தை இது. நியாயமான கேள்விதான். இன்ஜின் இல்லாத வண்டிக்கு ஏன் இவ்வளவு காசு?

நாம் மலைச் சைக்கிள் என்று சொல்லிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் தடித்த டயர் சைக்கிள் வேறு, இது வேறு. இதில் ஃப்ரேம் பெரும்பாலும் கார்பன் ஃபைபர் அல்லது உயர்ரக அலுமினியம். முன்னால் ஃபோர்க், பின்னால் ஷாக் என இரண்டு சஸ்பென்ஷன். இரண்டிலும் கம்பிச் சுருளுக்குப் பதில் பெரும்பாலும் காற்று, அதன் துள்ளலை அடக்க எண்ணெய். ஹேண்டில்பாரில் ஒரு பொத்தானை அழுத்தியபடி உட்கார்ந்தால் சீட் இறங்கும், எழுந்து மறுபடி அழுத்தினால் தானாக மேலே வரும். பாகங்கள் தைவானிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் அமெரிக்க நிறுவனங்களிடமிருந்தும் வருகின்றன. மேலே வரி வேறு. சைக்கிள் இறக்குமதிக்கான சுங்க வரி 2023 பட்ஜெட்டில் 30 சதவீதத்திலிருந்து 35 சதவீதமானது. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது கொஞ்சம் ஆறுதல்.

இத்தனை காசும் எதற்காக? கல்லும் வேரும் கிடக்கிற சரிவில், வேகமாக இறங்கும்போது சக்கரம் தரையை விட்டு எகிறாமல் இருப்பதற்காக. வளைவில் பிரேக்கைத் தொட்டால் வழுக்காமல் நிற்பதற்காக. செங்குத்து ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளாமல் இருப்பதற்காக. ஆக, நாம் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி கடைக்குள் கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்குப் போகிறது.

சமதரை சொல்லும் பொய்

"சரி, ஐந்து நிமிஷமாவது ஓட்டிப் பார்த்தோமே, ஒன்றுமில்லாததற்கு அது மேல் இல்லையா?" என்று கேட்கலாம். விஷயம் அங்கேதான் சிக்கலாகிறது. பார்க்கிங்கில் ஓட்டும் ஓட்டம் பல நேரம் தலைகீழான பதிலைச் சொல்லிவிடும்.

முன் ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைய மலைச் சைக்கிள்கள் பலவற்றில் இது 64, 65 டிகிரி. அதாவது முன்சக்கரம் ஓட்டுகிறவரை விட்டு நன்றாக முன்னால் தள்ளி நிற்கும். சரிவில் வேகமாக இறங்கும்போது வண்டியை நேராக வைத்திருப்பது இந்தச் சாய்வுதான். அதே வண்டியைத் தூணைச் சுற்றி மெதுவாக ஓட்டினால் ஹேண்டில் இப்படியும் அப்படியும் விழுந்து தள்ளாடும். 'இது என்ன, குடிகாரன் மாதிரி போகுதே' என்று தோன்றும். மலைக்கு நல்ல வண்டி பார்க்கிங்கில் கெட்ட பெயர் வாங்கிவிடும்.

சீட் இருக்கும் கோணமும் அப்படித்தான். ஏற்றத்துக்கு வசதியாக இப்போது சீட்டை 76, 77 டிகிரி வரை நிமிர்த்தி வைக்கிறார்கள். மலை ஏறும்போது உடல் எடை பெடலுக்கு நேர் மேலே வந்துவிடும், மிதிக்கச் சுகம். சமதரையில் உட்கார்ந்தாலோ எடை முழுக்கக் கையில் இறங்கி மணிக்கட்டு வலிக்கும்.

சஸ்பென்ஷன் கதை இன்னும் வேடிக்கை. காற்று ஷாக்கில் ஓட்டுகிறவரின் எடைக்கு ஏற்பக் காற்றடிக்க வேண்டும். ஷாக்கின் தண்டு மொத்தம் 50 மில்லிமீட்டர் நகரும் என்றால், ஆள் ஏறி உட்கார்ந்ததும் சுமார் 15 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். எவ்வளவு அமுங்கியது என்று காட்ட அதில் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். ஷோரூம் வண்டியில் யார் எடைக்குக் காற்று இருக்கிறது? யாருக்கும் தெரியாது. 60 கிலோ ஆளுக்கு அடித்த காற்றில் 85 கிலோ ஆள் உட்கார்ந்தால் மெத்தை மாதிரி அமுங்கும். அதையே 'அடடா, என்ன சொகுசு!' என்று நினைத்து வாங்கி, முதல் பள்ளத்திலேயே ஷாக் அடிமட்டம் தட்டும்போது விழிப்பார்.

பிரேக்குக்கும் இதே கதி. புது டிஸ்க் பிரேக் முதல் நாளே பிடிக்காது. வேகமெடுத்து, நின்று போகும் அளவுக்கு வேகம் குறைத்து, மறுபடி வேகமெடுத்து என்று இருபது முறையாவது செய்தால்தான் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகும். அதுவரை கீச்சிடும், பிடியும் மந்தமாக இருக்கும். மேடையில் நிற்கும் வண்டியின் பிரேக்கைப் பிடித்துப் பார்த்துக் குறை சொல்வதும் வீண், மெச்சுவதும் வீண்.

அளவு மட்டுமாவது தெரியுமே என்றால், அதிலும் முழு நிச்சயம் கிடையாது. சட்டையில் ஒரு கம்பெனியின் 'மீடியம்' இன்னொரு கம்பெனியின் 'லார்ஜ்' ஆவது போல்தான் சைக்கிளும். சில கம்பெனிகள் அந்தப் பெயர்களையே விட்டுவிட்டு எஸ்1, எஸ்2, எஸ்3 என்று எண் கொடுக்கின்றன. உயரத்தை மட்டும் கேட்டு அளவு சொன்னால் கை நீளமும் கால் நீளமும் கணக்கில் வராமல் போகும்.

பழைய பொருள் விளம்பரங்களைப் புரட்டினால் இதன் விளைவு தெரியும். 'மூன்று மாதமே ஓட்டியது, கீறல் இல்லை, அளவு பொருந்தாததால் விற்பனைக்கு.' அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒருவர் சேர்த்த பணமும், வீட்டில் வாங்கிய பேச்சும் இருக்கும்.

கல்லாவுக்குப் பின்னால் இருந்து பார்த்தால்

கடைக்காரரைத் திட்டிவிட்டுப் போவது எளிது. அவர் கணக்கையும் பார்க்க வேண்டும்.

பைக் ஷோரூமில் லைசென்ஸைக் காட்டினால் சாவியை நீட்டுகிறார்கள். கார் என்றால் வீட்டு வாசலுக்கே வருகிறது. அங்கே சோதனைக்கென்று ஒரு வண்டி போதும், மாதம் முழுக்க வருகிற அத்தனை பேரும் அதையே ஓட்டுவார்கள். நெட்டையோ குட்டையோ, எல்லோருக்கும் ஒரே அளவு. நம்பர் உண்டு, இன்ஷூரன்ஸ் உண்டு. சைக்கிளில் ஒரு மாடலுக்கே நான்கு, ஐந்து அளவு. நான்கு மாடல் வைத்திருக்கும் கடைக்காரர் எல்லாவற்றுக்கும் சோதனை வண்டி வைக்க வேண்டும் என்றால் பதினாறு, இருபது வண்டிகளில் பணத்தை முடக்க வேண்டும். வருஷத்துக்கு அத்தனை வண்டி விற்குமா என்பதே கேள்வி. எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வராவிட்டால் தேடுவதற்கு நம்பர் பிளேட்டும் கிடையாது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரே ஒரு முறை மலையில் இறக்கிவிட்டால் அது புது வண்டி இல்லை. பெடலைத் தாங்கும் கிராங்க்கில் கல் பட்ட கோடு விழும், டயரின் ரப்பர் மயிர் உதிரும், செயினில் புழுதி ஏறும். அடுத்து வருகிறவர் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்து, "இது ஓட்டின வண்டியா?" என்று கேட்பார். முழு விலை கொடுக்க மாட்டார்.

வெண்டைக்காய்க் கடையிலும் இதுதான் நடக்கிறது. ஒடித்துப் பார்த்து முற்றல் என்று நாம் ஒதுக்குகிற காயைக் கடைக்கார அம்மா தூக்கி எறிவதில்லை. ஓரமாக ஒதுக்கி, சாயங்காலம் கூறு கட்டி மலிவாகத் தள்ளிவிடுவார். அந்த நஷ்டம் காலையிலேயே நம் கால் கிலோ விலையில் ஏறிவிட்டது. காய்க்கு அது சில காசு. சைக்கிளுக்கு அதுவே பல ஆயிரம். ஓட்டிப் பார்க்க விடுவதா இல்லையா என்கிற சண்டையெல்லாம் கடைசியில் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறது: ஒடித்த நுனிக்கு யார் காசு கொடுப்பது?

நம் ஊரில் இன்னொரு கஷ்டமும் சேர்ந்துகொள்கிறது. விலை உயர்ந்த மாடல்கள் பல கடையில் நிற்பதே இல்லை. முன்பணம் கட்டினால்தான் வரவழைப்பார்கள். ஊரிலேயே இல்லாத வண்டியை எங்கே போய் ஓட்டிப் பார்ப்பது?

சரிவில் பிறந்த வண்டி

இதில் ஒரு முரண் இருக்கிறது. மலைச் சைக்கிள் என்ற சாதனமே ஓட்டி, உடைத்து, திருத்தி, மறுபடி ஓட்டிப் பிறந்ததுதான்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மரின் கவுன்ட்டி. எழுபதுகளில் அங்கே இளைஞர்கள் சிலர் முப்பது, நாற்பது வருஷப் பழைய தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலைமேல் தள்ளிக்கொண்டு போய்க் கீழே விடுவார்கள். 1976 அக்டோபரில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மண்சாலையில் பந்தயம் தொடங்கியது. சுமார் மூன்று கிலோமீட்டரில் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் பழைய பிரேக், கீழே வந்து சேர்வதற்குள் சூடேறி உள்ளிருக்கும் கிரீஸே புகைந்து போகும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு 'ரீபேக்'. பந்தயத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அங்கே உடைந்ததையெல்லாம் பார்த்து 1977-இல் ஜோ ப்ரீஸ் மலைக்கென்றே புது ஃப்ரேம் கட்டினார். 1979-இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் சேர்ந்து, டாம் ரிச்சி செய்த ஃப்ரேம்களை 'மவுன்டன்பைக்ஸ்' என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். விற்றவர்களும் வாங்கியவர்களும் ஏறத்தாழ ஒரே கூட்டம், ஒரே மலை. அங்கே டெஸ்ட் ரைடு என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. வண்டி கடைக்கு வந்து, கடை நகரத்துக்கு வந்தபோதுதான் நடுவிலிருந்த மலை காணாமல் போனது.

அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள்?

மேலை நாடுகளில் நுனிக்கான காசைச் சில இடங்களில் கம்பெனியே ஏற்கிறது. சோதனை வண்டிகளை லாரியில் அடுக்கி மலைப்பாதைக்கே கொண்டுபோய் 'டெமோ நாள்' நடத்துகிறார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற செம்பாறை ஊர் உண்டு. அங்கே நடக்கும் அவுட்டர்பைக் விழாவில் ஒரே நுழைவுச்சீட்டில் பல கம்பெனி வண்டிகளை மாற்றி மாற்றி உண்மையான பாதையில் ஓட்டலாம். கலிஃபோர்னியாவில் 1991 முதல் நடந்துவரும் சீ ஆட்டர் விழாவும் இதற்குப் பெயர் போனது.

ஜெர்மனியின் கேன்யன் போன்ற கம்பெனிகள் நேர் எதிர் வழியில் போயின. இணையத்தில் நேரடி விற்பனை, வண்டி பெட்டியில் வீட்டுக்கு வரும். கடைக்காரர் லாபம் மிச்சம், விலை குறைவு. ஓட்டிப் பார்ப்பது? ஐரோப்பியச் சட்டப்படி தொலைவிலிருந்து வாங்கிய பொருளை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பலாம். அதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. பொருள் எப்படிப்பட்டது, எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளத் தேவையான அளவுக்கு மேல் பயன்படுத்தி மதிப்பைக் குறைத்தால், அந்தக் குறைவுக்கு வாங்கியவர் பொறுப்பு. கடையில் வைத்துப் பார்ப்பது போல வீட்டிலும் பார்க்கலாம், அவ்வளவுதான். மலையில் இறக்கி, சேறோடு பெட்டிக்குள் போட்டு அனுப்ப முடியாது. பார்க்கிங் தளம் அங்கே அவர்கள் வீட்டு வாசலுக்கு இடம் மாறியிருக்கிறது, வேறொன்றுமில்லை.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது? பழுதான பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பழுது வேறு, பொருந்தாமை வேறு. வெல்டிங் விட்டுப்போன ஃப்ரேமுக்கு இந்தச் சட்டத்தைக் காட்டலாம். இரண்டு அங்குலம் நீளமாகிப்போன ஃப்ரேமுக்கு, பேசி வாங்குகிற சாமர்த்தியம்தான் துணை.

மணிக்கு ஒரு ரூபாய் வாடகை

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வாடகை சைக்கிள் கடை நினைவிருக்கும். மட்கார்டில் வெள்ளை பெயின்டில் எண் எழுதியிருக்கும். நீளமான நோட்டில் பெயர், எடுத்த நேரம். அரை மணிக்கு ஒரு கட்டணம், மணிக்கு ஒரு கட்டணம். சின்ன சைக்கிள், முக்கால் சைக்கிள், பெரிய சைக்கிள் என்று ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டி, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு, கால் எட்டுகிற அளவு எதுவென்று கண்டுபிடித்தோம். அப்பா அம்பத்தூரில் தயாரான சைக்கிளை வாங்கித் தந்த நாளில் நமக்கு அளவு பற்றிச் சந்தேகமே இல்லை. ஒடித்த நுனிக்கான காசை அரை மணி அரை மணியாக முன்பே கட்டியிருந்தோம்.

மலைச் சைக்கிளுக்கும் நடைமுறையில் கைகொடுப்பது இதே வழிதான். மணாலி போன்ற மலை ஊர்களில் நல்ல வண்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. இரண்டு நாள் வாடகை சில ஆயிரம் ஆகலாம். நான்கு லட்ச ரூபாய்த் தவறோடு ஒப்பிட்டால் அது சுண்டைக்காய். வாங்க நினைக்கும் அதே மாடல் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் இரட்டை சஸ்பென்ஷன் நமக்குத் தேவையா, எந்த அளவு உடம்புக்கு ஒத்துவருகிறது, ஹேண்டில் எவ்வளவு தூரத்தில் இருந்தால் முதுகு பிடிக்கவில்லை என்கிற மூன்றுக்கும் அங்கே பதில் கிடைத்துவிடும்.

எங்கே ஓட்டுவது என்பதும் சேர்த்து யோசிக்க வேண்டியது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பாதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, தேயிலைத் தோட்டம் என்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். நம் எல்லைக்கு அருகே கேரளத்தின் பொன்முடியில் 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்தது. இந்த விளையாட்டுக்கு ஏற்ற மண் நம் பக்கத்திலேயே இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அந்த மண்ணில் ஒரு வாரக் கடைசியாவது சோதனை வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தத்தான் ஆள் வேண்டும்.

கடைக்குப் போகும்முன்...

* பெடலையும் ஓட்டும் ஷூவையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். வழக்கமாக முதுகில் மாட்டும் பையோடு எடை பார்த்துக்கொண்டு போங்கள்.

* உட்காருவதற்கு முன் ஷாக் பம்ப் கேளுங்கள். உங்கள் எடைக்குக் காற்றடித்து, ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளி, ஏறி உட்கார்ந்து, எவ்வளவு அமுங்கியது என்று அளந்து பாருங்கள்.

* டயரில் கல் மாதிரி காற்று இருந்தால் குறைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சஸ்பென்ஷனின் குணம் தெரியாது.

* இப்போது ஓட்டும் சைக்கிளில் சீட் நுனியிலிருந்து ஹேண்டில் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உயரத்தை மட்டும் நம்பி அளவு முடிவு செய்யாதீர்கள்.

* பார்க்கிங்கிலிருந்து மேலே ஏறும் சாய்தளம் இருந்தால் அதில் உட்கார்ந்தபடி மிதித்து ஏறுங்கள். கடைக்குள் கிடைக்கும் ஒரே மலை அதுதான்.

* எந்தப் பக்கம் எந்த பிரேக் என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். நம் ஊரில் முன் பிரேக் வலக்கையில். அமெரிக்க வழக்கப்படி பூட்டிய வண்டியில் அது இடக்கையில் இருக்கும்.

* ஒரு மாதத்துக்குள் அளவு மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொன்னால், அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கோடு விழுந்த வண்டி

நண்பன் அந்த மேடை வண்டியை வாங்கவில்லை. மணாலிக்குப் போய் இரண்டு நாள் வாடகைக்கு ஓட்டிவிட்டு வந்தான். கடைக்காரர் சொன்ன 'லார்ஜ்' தனக்கு நீளம் என்று அங்கேதான் தெரிந்தது. திரும்பி வந்து நான்கு கடை ஏறி இறங்கினான். ஐந்தாவது கடையில், சோதனைக்கென்று ஒரு வருஷம் வைத்திருந்த 'மீடியம்' வண்டியைக் கழிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தான். கிராங்க்கில் நீளமாக ஒரு கோடு, சங்கிலிப் பக்கம் பெயின்ட் உரிந்திருந்தது. கடைக்காரர் கூச்சத்தோடு அதைத் துணியால் துடைத்துக்கொண்டே விலையைக் குறைத்துச் சொன்னார்.

இவன் பெடலைப் பையிலிருந்து எடுத்து மாட்டினான். கடைக்குப் பின்னால் கட்டடம் கட்டக் கொட்டியிருந்த ஜல்லி மேட்டில் ஏற்றி இறக்கினான். யாரும் தடுக்கவில்லை. மண் படக் கூடாது என்றும் சொல்லவில்லை. அதுதான் ஏற்கெனவே பட்டாயிற்றே.

போன வாரம் கோத்தகிரியிலிருந்து படம் அனுப்பியிருந்தான். சேறு பூசிய வண்டி தேயிலைச் செடி மேல் சாய்ந்து நிற்கிறது. கிராங்க்கில் இப்போது இரண்டு கோடு.